வாடாக்காய்

முதலில் எனக்குக் கோபம் வந்தது ஒரு தக்காளி மேல்தான்.

தைப் பொங்கலுக்கு யாரோ ஒரு நோயாளி பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்று உருண்டுபோய் கிளினிக் ஜன்னலோரம் நின்றுவிட்டது. புரட்டாசி வந்தும் அப்படியே நிற்கிறது. தோல் சுருங்கவில்லை, காம்பு கருக்கவில்லை, ஒரு ஈ கூட அதன் மேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஈக்கு இருக்கிற விவரம் நமக்கு இல்லாமல் போயிற்றே என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பல் டாக்டர். பெயர் மகிழினி. ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட்டுக்குப் போகிற ரோட்டில் கிளினிக். விலை விழுந்த வருஷங்களில் விவசாயிகள் தக்காளியைக் கூடை கூடையாக ரோட்டில் கொட்டிவிட்டு நின்றதை என் வாசலிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதனால் 'நித்தியம்' கம்பெனி வாடாக்காய் விதையோடு வந்தபோது நானும் சேர்ந்து கைதட்டினேன். தக்காளி, வெள்ளரி, கேரட், குடைமிளகாய், கொய்யா, நெல்லி, எலுமிச்சை என்று எதுவானாலும் பறித்து மாதக்கணக்கில் போட்டு வைக்கலாம், பறித்த நிமிஷம் மாதிரியே இருக்கும். இனி யாரும் எதையும் ரோட்டில் கொட்ட வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அப்புறம் விதைச் சட்டம் வந்தது. காய்கனியில் வாடாக்காய் தவிர வேறெதையும் வளர்க்கவோ விற்கவோ கூடாது, வேறு விதையை வைத்திருந்தால் ஜெயில். மகரந்தம் கலந்து பயிர் கெடுகிறது என்றார்கள். கொல்லையில் நாலு நாட்டுச் செடி வைத்திருந்தவர்கள்கூட அபராதத்துக்குப் பயந்து பிடுங்கிப் போட்டார்கள். மருந்துக் கடையிலிருந்து வைட்டமின் மாத்திரைகள் காணாமல் போயின. காயிலேயே நூறு சதவீதம் இருக்கும்போது மாத்திரை எதற்கு? பள்ளிக்கூடத்தில் மதியச் சோற்றோடு ஒரு கிண்ணம் பச்சைக் காய் கட்டாயம் ஆனது. கடைக்குக் கடை சத்துமானி தொங்கியது. உள்ளங்கை அளவுக் கருவி, கம்பெனியே செய்து கொடுத்தது. காய் மேல் காட்டினால் வைட்டமின் இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பை யாரும் பார்த்ததே இல்லை.

மித்ரா என்னிடம் வந்தது புரட்டாசியில், ஒரு வெள்ளிக்கிழமை. முப்பதுக்குள்தான் இருக்கும் வயசு. நித்தியம் கம்பெனியின் வாசலில் நின்று, வெளியே போகிற ஒவ்வொரு பெட்டி மேலும் சத்துமானியைக் காட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. கணவன் கவின் அதே கம்பெனியில் லாரி ஓட்டுகிறான். லோடோடு லாரியை என் வாசலிலேயே நிறுத்திவிட்டு, பெண்டாட்டியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிவந்தான்.

"பல்லு ஆடுதுங்க்கா," என்றாள். "சோத்த வாய்ல வச்சா சோறே செவப்பாயிடுது."

வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில், பற்களுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டு நின்றது. நான் தொடவே இல்லை, ரத்தம் கசிந்தது. அந்த மாதம் நான் பார்த்த வாய்களில் பாதி இந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. என்னோடு படித்த பல் டாக்டர்கள் சென்னையிலிருந்து போன் போட்டு, நம்ம தொழிலுக்கு நல்ல காலம் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேற எங்கயாவது தொந்தரவு இருக்கா?"

கவினை வெளியே போகச் சொல்லிவிட்டு, துணியை விலக்கி அடிவயிற்றைக் காட்டினாள். மகள் நேயா பிறந்தபோது போட்ட ஆபரேஷன் தழும்பு. அந்தக் குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறது. எப்போதோ ஆறிப்போன அந்தத் தழும்பின் ஓரம் மறுபடி வாய் பிளந்திருந்தது.

புத்தகத்தில் மட்டும் படித்த விஷயம் இது. உடம்பு ஒரு காயத்தை ஒரு தடவை தைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. உயிரோடு இருக்கும்வரை தினம் தினம் தைத்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்தத் தையலுக்கு நூல் வைட்டமின் சி. நூல் தீர்ந்துபோனால் பழைய தையல் பிரியும். முதலில் ஈறு, அப்புறம் தழும்பு, அப்புறம் உள்ளே ரத்தக்குழாய். பழைய காலத்தில் மாதக்கணக்காகக் கடலில் கிடந்து, பச்சைக் காயைக் கண்ணால் பார்க்காத கப்பல்காரர்கள் இப்படித்தான் செத்தார்கள். ஸ்கர்வி என்று பெயர்.

"காயெல்லாம் சாப்பிடுறியா இல்லையா?" என்று அதட்டினேன்.

"என்னங்க்கா இப்படிக் கேட்டுட்டீங்க? ஒடம்பு தேறட்டும்னு அவரு தெனம் நெல்லிக்காயா வாங்கியாந்து கொட்டுறாரு. காலைல கேரட்டு, மத்தியானம் தக்காளி, வெள்ளரி. ராத்திரிக்குக் கொய்யா. இதுக்காகச் சோத்தையே பாதியாக் கொறச்சுட்டேன். பெரியாஸ்பத்திரில ரத்தத்துலயும் சத்துமானி வச்சுப் பாத்தாங்க. பச்சைதான் எரிஞ்சுது. ஒழுங்காப் பல்லு வெளக்குனு சொல்லி அனுப்பிட்டாங்க."

காய்ச் சந்தையின் நடுவில், காய்க் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டு, காய் தின்னாதவனுக்கு வரும் நோய். அந்த நிமிஷம்தான் ஜன்னலோரத் தக்காளியைத் திரும்பிப் பார்த்தேன். பளபளவென்று சிரித்தது. எடுத்துச் சுவரில் அடித்தேன். உடையவில்லை. திரும்பி என் காலடிக்கே வந்தது.

சத்தம் கேட்டுக் கவின் உள்ளே ஓடி வந்தான். எனக்குத் தெரிந்தமட்டும் இருவரிடமும் சொன்னேன்: இந்தக் காயில் இருக்கிற சத்து உடம்பில் சேரவில்லை. மித்ராவுக்கு உடனே நிஜமான வைட்டமின் சி வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் சில வாரங்களில் உள்ளே எங்காவது ரத்தக்குழாய் உடைந்து உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னேன். மித்ரா நம்பவில்லை.

"நாள் பூரா பச்சை வெளக்கப் பாக்குறவ நான். ஒரு பெட்டி தப்பினதில்லைங்க்கா. அதுல சத்தில்லன்னு எப்படிச் சொல்வீங்க?"

போகும்போது கவின் வழக்கம்போல லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். வெள்ளிக்கிழமை லோடு ஏற்றினால் அவன் இதைச் செய்யாமல் வண்டியை நகர்த்த மாட்டான். என் வாசல் வாராவாரம் பிசுபிசுவென்று ஆகும்.

"உனக்கு என் வாசல்தான் கிடைச்சுதா? உங்க கம்பெனிப் பழத்த வச்சாலாவது நசுங்காம இருக்கும்," என்றேன். எரிச்சலை யார் மேலாவது காட்ட வேண்டியிருந்தது.

"அது ஆகாதுங்க்கா. சக்கரம் ஏறுனா எகிறிப் போயிடும். திருஷ்டிப் பழம்னா நசுங்கணும், கடை வாசல்ல கட்டுனா காய்ஞ்சு அழுகணும். வாடாத பழம் எந்தத் திருஷ்டிய வாங்கும்? இது கோயில் கடைப் பழம்."

வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கி, விதைகள் ரோட்டில் தெறித்தன. நான் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டேன். மடச்சி, கழுவித்தான் விட்டேன்.

நித்தியம் கம்பெனியின் சத்துத் துறைக்குத் தலைவன் பிரணவ். மதுரையில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். மறுநாளே அவன் அறைக்குப் போய், ஈறு, தழும்பு, எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சுவரில் தக்காளியைக் கடிக்கும் குழந்தையின் படம்.

"மகிழ், காய் ஏன் அழுகுது? காத்து படுது. காத்து முதல்ல தின்னுறது வைட்டமின் சியைத்தான். அதனால ஒவ்வொரு துளி வைட்டமினுக்கும் ஒரு சின்ன மூடி போட்டோம். காத்தால திறக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்."

"நம்ம உடம்பால திறக்க முடியுமா?"

அவன் பேனாவை மூடினான். "சத்துமானி பச்சை காட்டுது."

"நான் அதைக் கேக்கல. உன் கருவி மூடியைப் பாத்துட்டுப் பச்சை காட்டுது. உடம்பு மூடியோட முழுங்கி, மூடியோட ரத்தத்துல சுத்தி, மூடியோட வெளிய தள்ளுது. அப்படித்தான?"

"வைட்டமின் இருக்கான்னுதான் சட்டம் கேக்குது," என்றான் பிரணவ். "உடம்புல சேருதான்னு கேக்கல. கேட்டா அன்னைக்குப் பதில் சொல்லிக்கலாம். உனக்கு ரோட்டுல கொட்டுன தக்காளி ஞாபகம் இல்லையா? இந்த ஊர் விவசாயி இன்னைக்கு நிம்மதியாத் தூங்குறான். நாலு பேருக்கு ஈறுல ரத்தம் வருதுன்னு அதைக் கெடுக்கப் போறியா?"

"நாலு பேரா? ஊரே ரத்தம் துப்புதுடா!"

"கத்தாத," என்று சொல்லிச் சிரித்தான்.

சிரித்தது அவன் செய்த தப்பு. நான் மனிதர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள் இல்லை, தொழில் அப்படி. அவன் ஈறு இளஞ்சிவப்பாக, இறுக்கமாக, பச்சைக் குழந்தையின் ஈறு மாதிரி இருந்தது. நான் வாரக்கணக்கில் அப்படி ஓர் ஈற்றைப் பார்க்கவில்லை. அன்று காலை கண்ணாடியில் பார்த்த என் ஈறே அப்படி இல்லை.

இவன் எதைத் தின்கிறான்?

மேஜை மேல் காலி டம்ளர் ஒன்று இருந்தது. அடியில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு விதை. வாடாக்காய் எதிலும் விதை கிடையாது, விதை கம்பெனியின் சொத்து. கம்பெனி எலுமிச்சையைப் பிழிந்தால் டம்ளரில் விதை விழ வழியே இல்லை. நேற்று என் வாசலில் நான் கழுவிவிட்ட ரோடு கண் முன்னால் வந்தது.

"கம்பெனிக்குள்ள இருக்குற அம்மனுக்கு எலுமிச்சை மாலை போடுறீங்கல்ல?" என்று கேட்டேன். "அந்த மாலை அப்புறம் எங்க போகுது பிரணவ்?"

அவன் டம்ளரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"பிரசாதம்," என்றான். "நாங்க மேல இருக்கிற சில பேர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம். அதுல என்ன தப்பு?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டம்ளரை அவன் மண்டையில் போட்டிருப்பேன். போடாமல் வந்ததற்காக இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

நேராகக் கோயில் கடைக்குப் போனேன். பூக்கூடைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை. சின்னதும் பெரியதுமாக, புள்ளி விழுந்து, ஒன்றிரண்டு வாடியும் இருந்தது. தட்டின் ஓரத்தில் அரசாங்க முத்திரையோடு ஒரு சீட்டு: 'பூஜைக்கு மட்டும். உண்ணத் தகாதது.' விதைச் சட்டம் போட்டவர்கள் இதற்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார்கள். பக்தியெல்லாம் ஒன்றுமில்லை. இந்தப் பழம் இல்லாவிட்டால் கம்பெனியின் லாரி ஒன்றுகூட நகராது, அதுதான் காரணம். ஊரில் மிச்சமிருந்த ஒரே நல்ல பழத்தை நாம் எல்லோரும் தேடித் தேடி வாங்கி, சக்கரத்துக்கு அடியில் வைத்து அரைத்துக்கொண்டிருந்தோம். திருஷ்டிப் பழத்தை யாராவது வாயில் வைப்பார்களா? அந்த நம்பிக்கையைக் காவலுக்கு வைத்துவிட்டு மேலே இருக்கிறவர்கள் ஜூஸ் குடித்தார்கள்.

ஒரு பை வாங்கிக்கொண்டு மித்ராவின் வீட்டுக்குப் போனேன். நேயா தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். முதலில் அவள் வாயைத்தான் திறந்து பார்த்தேன். ஓரத்தில் வீக்கம் ஆரம்பித்திருந்தது. மித்ராவிடம் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது.

பழத்தை எடுத்து நீட்டினேன். கவின் குறுக்கே கையை வைத்தான்.

"திருஷ்டிப் பழங்க்கா இது. இதத் திங்கச் சொல்றீங்களா? ஏற்கெனவே அவ படுற பாடு போதாதா?"

"சக்கரத்துல வச்சாத்தான்டா அது திருஷ்டிப் பழம். கடைல இருக்கிற வரைக்கும் அது வெறும் பழம்!"

மித்ரா தன் சத்துமானியை எடுத்துவந்து பழத்தின் மேல் காட்டினாள். சிவப்பு எரிந்தது. அவள் வாழ்க்கையில் பார்த்த முதல் சிவப்பு. கை பட்டென்று பின்னால் போயிற்று.

"செவப்புங்க்கா. இதுல ஒண்ணுமே இல்ல."

"அது மூடியைத் தேடுது மித்ரா. இதுல மூடி இல்ல, அதான் செவப்பு. அந்தக் கருவிய நம்பாத. ஈறப் பாரு. உன்னோட வேலை செய்றவங்க ஈறப் பாரு. அப்புறம் உங்க பிரணவ் சாரோட ஈறப் பாரு. அவரு குடிக்கிறது இந்தப் பழம்தான்."

அவள் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தின்னவில்லை. நாளைக்கு ஆயுத பூஜை, கம்பெனிக்கு நீங்களும் வாங்க என்று மட்டும் சொன்னாள். நான் ரோட்டுக்கு வந்து, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் கம்பெனி மைதானத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டு, முன்னால் வாழைக்கன்று கட்டி அலங்காரம் செய்திருந்தார்கள். எல்லாவற்றிலும் லோடு ஏற்றியாயிற்று. பூஜை முடிந்ததும் சென்னைக்கும் கேரளாவுக்கும் கிளம்ப வேண்டியவை. ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு எலுமிச்சை. டிரைவர்கள், பெட்டி கட்டும் பெண்கள், அவர்கள் பிள்ளைகள் என்று மைதானம் நிறைந்திருந்தது. நிர்வாகத்தின் சார்பில் தேங்காய் உடைக்கப் பட்டுவேட்டியில் பிரணவ் வந்தான். என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனான்.

தேங்காய் உடைந்தது. முதல் லாரி கவினுடையது. ஏறி உட்கார்ந்தான். எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

வண்டி நகரவில்லை.

மித்ரா மெதுவாக நடந்துவந்து, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, முன்சக்கரத்துப் பழத்தை எடுத்தாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வைத்த பழத்தை எடுப்பது அபசகுனம்.

"யம்மா, என்ன பண்ற? வை அத கீழ," என்று ஒரு டிரைவர் கத்தினார்.

"இருங்கண்ணே. ஒண்ணே ஒண்ணு பாத்துக்கறேன்." கழுத்தில் மாட்டியிருந்த சத்துமானியைக் கழற்றித் தரையில் வைத்தாள். "எல்லாரும் ஒரு தடவ நல்லா ஈன்னு பல்லக் காட்டுங்க. பூஜை நாள்ல கேக்குறேன், இல்லன்னு சொல்லாதீங்க. நான் மொதல்ல காட்டுறேன்."

காட்டினாள். முன்வரிசையில் இருந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அப்புறம் ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டே உதட்டை விலக்கினாள். அவள் ஈறும் கருநீலம். பக்கத்தில் இருந்தவள் காட்டினாள். டிரைவர்கள் காட்டினார்கள். ஒருவர் வாயை மற்றவர் பார்க்கப் பார்க்க மைதானத்தில் பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும்தான், தான்தான் பல்லைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று இத்தனை நாளாக மறைத்து வைத்திருந்தார்கள். தகப்பன்மார்கள் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மித்ரா பிரணவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், நீங்களும் சிரிங்க."

"மித்ரா, இது என்ன விளையாட்டு? வண்டிய எடுக்கச் சொல்லு," என்றான் அவன். உதடு பிரியாமல் சொல்ல முயன்றதில் பாதிச் சொல் வாய்க்குள்ளேயே நின்றது.

"ஒண்ணும் பேச வேணாம் சார். சிரிங்க. எங்களுக்குப் பச்சை காட்டுறீங்கல்ல? உங்க செவப்பக் காட்டுங்க."

அவன் சிரிக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, ஒருத்தன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அதற்கு மேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் பேசலாம் என்று எழுதி வைத்துக்கொண்டு போனதெல்லாம் பைக்குள்ளேயே இருந்தது.

கவின் லாரியிலிருந்து இறங்கினான். மிச்சச் சக்கரங்களின் பழங்களையும் பொறுக்கினான். அடுத்த லாரிக்காரர் குனிந்தார். அப்புறம் அதற்கடுத்தவர். பிரணவ், "பழம் இல்லாம எடுங்கப்பா, லேட்டாவுது!" என்று கத்தினான். அப்போது அவன் ஈறு நன்றாகத் தெரிந்தது. ஆயுத பூஜை அன்று எலுமிச்சை நசுங்காமல் வண்டி எடுக்க இந்த ஊரில் ஒருத்தனும் கிடையாது. அது அவனுக்கும் தெரியும், சட்டம் போட்டவர்களுக்கும் தெரியும். ஒரு லாரியும் நகரவில்லை.

மித்ரா பழத்தை வேட்டி நுனியில் துடைத்துத் தரச் சொல்லிக் கவினிடம் கொடுத்து வாங்கி, அப்படியே கடித்தாள். கடித்த வேகத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"எரியுதுங்க்கா. உசுரு போற மாதிரி எரியுது. நம்ம கம்பெனிப் பழம் இப்படி எரிஞ்சதே இல்லையே."

"எரியட்டும்," என்றேன். எனக்கும் கண் எரிந்தது. "முழுங்கு. பாப்பாவுக்கும் குடு."

அவள் விதைகளைத் துப்பப் போனாள். "துப்பாத, இரு இரு," என்று சொல்லிக் கவின் அவள் வாய்க்கு நேராகக் கையை ஏந்தினான். ரத்தமும் சாறுமாக நாலைந்து விதைகள் அவன் உள்ளங்கையில் விழுந்தன. வைத்திருந்தாலே ஜெயில் என்று சட்டம் சொல்கிற விதைகள். கம்பெனியின் பெயர் போட்ட சட்டைப் பையில் அவற்றைப் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, அடுத்த பழத்தை நேயாவுக்கு உரிக்க ஆரம்பித்தான்.